ஃபுளோரின் மூலக்கூற்றில் பிணைப்பு ஏன் இவ்வளவு பலவீனம்?

கேள்வி: அணு சிறிதானால் பிணைப்பு வலுக்கும் என்று பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் பிணைப்பு ஆற்றல் (பிணைப்பை உடைக்கத் தேவையானது) குளோரினில் மோலுக்கு 242 கிலோஜூல், அதைவிடச் சிறிய ஃபுளோரினில் 158தான். எப்படி விளக்குவது?

பதில் 1: முதலில் எலக்ட்ரான் அமைப்பை எழுதச் சொல்லுங்கள்: 1எஸ்² 2எஸ்² 2பி⁵. ஒரு எலக்ட்ரான் பிணைப்புக்குப் போக, ஒவ்வோர் அணுவிலும் மூன்று தனித்த இணைகள் (பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடிகள்) மிஞ்சும். பிணைப்பு நீளம் வெறும் 142 பிகோமீட்டர். அந்த நெருக்கத்தில் இரு பக்கத்து இணைகளும் ஒன்றையொன்று பலமாகத் தள்ளும். குளோரினில் 199 என்பதால் தள்ளல் குறைவு.

பதில் 2: கூடவே ஹைட்ரஜன் ஃபுளோரைடையும் காட்டுங்கள். ஹைட்ரஜனிடம் தனித்த இணையே கிடையாது, பிணைப்பு ஆற்றல் சுமார் 567க்கு ஏறிவிடும். பிள்ளைகள் வழக்கமாக மதிப்பெண்ணைக் கோட்டைவிடும் இடம் வேறு: எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் திறன், ஃபுளோரினுக்கு அதிகம் (3.98) என்பதால் எலக்ட்ரான் நாட்டமும், அதாவது தனி அணு ஓர் எலக்ட்ரானை ஏற்கும்போது வெளிவரும் ஆற்றலும், அதற்கே அதிகம் என்று எழுதிவிடுவார்கள். நாட்டம் குளோரினுக்கு 349, ஃபுளோரினுக்கு 328. சின்ன 2பி கூட்டில் புதிதாக நுழையும் எலக்ட்ரானையும் உள்ளிருப்பவை தள்ளும்.

கேட்டவர்: பிணைப்பு பலவீனம், ஆனால் வினைத்திறன் உச்சம். முரண் இல்லையா?

பதில் 1: முரணே இல்லை. உடைக்கச் செலவு குறைவு, ஹைட்ரஜனோடோ கார்பனோடோ சேரும்போது வெளிவரும் ஆற்றல் மிக அதிகம்.