கடலே தெரியாத குழியில் இருந்து கப்பலை எப்படி அடித்தார்கள்? (12 அங்குல மோர்ட்டார் பேட்டரி)

வட்டக்கோட்டை_வாசி:
வட்டக்கோட்டை மதில்ல ஏறி நின்னா சங்கதி லேசாப் புரியும். கடல் கண்ணுக்கு முன்னால, பீரங்கி வாயும் அந்தப் பக்கமே பாக்கும், கப்பல் வந்தா சுட வேண்டியதுதான். ஆனா பிலிப்பைன்ஸ்ல மணிலா வளைகுடா வாசல்ல இருக்கிற கொரெஹிடோர் தீவுல அமெரிக்கர் கட்டின வே, கியரி பேட்டரி (பீரங்கித் தளம்) படங்களைப் பாத்தா ஒண்ணும் பிடிபடல. கான்கிரீட் குழி, அதுக்குள்ள வானத்தைப் பாத்துக் குட்டையான பீரங்கிகள், அதான் மோர்ட்டார். குழியில நிக்கிறவனுக்குக் கடலே தெரியாது. எதுக்கு வானத்தைப் பாத்துச் சுடணும்? ஓடுற கப்பலுக்கு எப்படிக் குறி வச்சாங்க? அப்புறம் 1942-ல ஜப்பான்காரன் அடிச்சப்போ அது ஏன் தாக்குப்பிடிக்கல? தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

புலியூர்க்குறிச்சி:
முதல் கேள்விக்கு விடை கப்பலின் மேல்தளத்தில் இருக்கிறது. 1890-கள் காலத்துப் போர்க்கப்பலுக்குப் பக்கவாட்டுக் கவசம் 18 அங்குலம் வரை போகும், மேல்தளமோ பெரும்பாலும் 3 அங்குலத்துக்குள்தான். பக்கவாட்டில் மோதுவதை விட உச்சியில் இறக்குவது லாபம். 1885-ல் அமெரிக்காவில் அமைந்த எண்டிகாட் குழு துறைமுகங்களுக்கு மோர்ட்டாரைப் பரிந்துரைத்ததற்கு இதுதான் காரணம். ஹென்றி ஆபட் என்ற பொறியியல் அதிகாரியின் திட்டப்படி குழிக்கு நான்கு வீதம் நான்கு குழி, ஆக 16 மோர்ட்டார். பதினாறும் ஒரே சமயம் சுட்டால் வீச்சுவலை விரிவது மாதிரி குண்டுகள் பரவி விழும், ஒன்றிரண்டாவது தளத்தில் இறங்கும் என்பது கணக்கு.

1890 மாடல் குழல் மட்டும் ஏறக்குறைய 13 டன். 1,046 பவுண்டு (474 கிலோ) குண்டை 11 கி.மீ. வரை போடும், 700 பவுண்டு குண்டு என்றால் இன்னும் தூரம். 45 பாகைக்குக் கீழே சுடுவதில்லை. அதனால் தூரத்தைக் கூட்டிக் குறைக்க வெடிமருந்து அளவையும் மாற்ற வேண்டும். காற்றை விட்டுவிட்டுக் கணக்குப் பாருங்கள்: 45 பாகையில் 11 கி.மீ. போகிற அதே மருந்து 65 பாகையில் 8.4 கி.மீ.தான் போகும். அதற்கும் கிட்டத்தில் அடிக்க மருந்துப் பையைக் குறைத்து அடுத்த மண்டலத்துக்கு (ஒரே அளவு மருந்து எட்டுகிற தூர எல்லைக்கு மண்டலம் என்று பெயர்) போகணும். கப்பல் எல்லைக்கோட்டில் இருக்கும்போது மண்டலம் மாறினால் குழிக்குள் ஒரே தடுமாற்றம்தான்.

நாலு மோர்ட்டார் ஒரே குழியில் என்பது காகிதத்தில் அழகு. நடப்பில் ஆட்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் இடித்துக்கொண்டு குண்டு ஏற்ற வேண்டியிருந்தது, வேகம் செத்தது. பிற்பாடு பல இடங்களில் குழிக்கு இரண்டாகக் குறைத்தார்கள்.

முட்டம்_பாறை:
குறி வைக்கிற வேலை குழிக்குள்ளே நடக்கவே இல்லை, அதாக்கும் விஷயம். நம்ம ஊரில் வைத்துச் சொன்னால், முட்டம் பாறையில் ஒரு ஆள், குளச்சல் பக்கம் ஒரு ஆள், ரெண்டு பேரிடமும் கோணம் அளக்கிற தொலைநோக்கி. ரெண்டு இடத்துக்கும் இடையே உள்ள தூரம் முன்கூட்டியே அளந்தது. குறித்த இடைவெளியில், பெரும்பாலும் 30 நொடிக்கு ஒரு தடவை, எல்லா இடத்திலும் ஒரே சமயம் மணி அடிக்கும். மணி அடித்த கணத்தில் கோணத்தைப் படித்துத் தொலைபேசியில் சொல்லணும். கணக்கறையில் பலகை மேல் ரெண்டு கோடும் வெட்டுகிற புள்ளிதான் கப்பல். இப்படி நாலைந்து புள்ளி விழுந்தால் போக்கும் வேகமும் தெரிந்துவிடும்.

குண்டு 11 கி.மீ. போக 45-50 நொடி ஆகும். 12 நாட் (மணிக்கு 22 கி.மீ.) வேகக் கப்பல் அதற்குள் 300 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அதனால் இப்போது எங்கே என்பது யாருக்கும் வேண்டாம். வரப்போகிற மணிக்குச் சுட்டால் விழும்போது எங்கே நிற்கும் என்பதைக் கணித்து, திசையும் ஏற்றமும் (குழலைத் தூக்க வேண்டிய கோணம்) குழிக்குப் போகும். அங்கே ரெண்டு எண்ணையும் வைத்து, மணிக்குச் சுடுவார்கள், அவ்வளவுதான்.

அளவிடும் இடங்கள் கிட்டக் கிட்ட இருந்தால் காரியம் கெட்டது. 2 கி.மீ. இடைவெளியில், 10 கி.மீ. தூரக் கப்பலுக்கு 0.05 பாகை பிசகினால் தூரக் கணக்கில் 44 மீட்டர் பிழை. இடைவெளி அரை கி.மீ. என்றால் அதே பிசகுக்கு 175 மீட்டர். கப்பலின் நீளமே அவ்வளவு இருக்காது!

வட்டக்கோட்டை_வாசி:
சூப்பர். அப்போ காத்து? ஆரல்வாய்மொழிக் காத்துக்கு ஒரு குண்டு நேராப் போகுமா?

முட்டம்_பாறை:
தரைக்காற்றை மட்டும் அளந்தால் ஏமாந்து போவீங்க. 45 பாகையில் 11 கி.மீ. போகிற குண்டு மூணு கி.மீ. அளவுக்கு மேலே ஏறி இறங்குகிறது. அங்கே காற்று வேறு பக்கம் வீசலாம். மருந்தின் சூடும் பார்க்கணும்: சூடான மருந்து வேகமாக எரிந்து குண்டைக் கூடுதல் தூரம் தள்ளும், ஈரம் பட்டது தூரத்தைக் குறைக்கும்.

சப்பாத்து_பாலம்:
குண்டு ஏற்றுகிற முறையை யாரும் சொல்லலியே. குழலைப் படுக்கை நிலைக்கு இறக்கணும், பின்வாய்ப் பூட்டைத் திறக்கணும், ஈரத் துடைப்பானால் அறையைத் துடைக்கணும். முந்தின தடவை சுட்டதில் எரியாமல் கங்காகக் கிடக்கும் பைத்துணி புது மருந்தைப் பற்றவைத்துவிடும், அதற்குத்தான் ஈரம். தள்ளுவண்டியில் குண்டு வரும். அதன் செம்புப் பட்டை குழலின் உட்புற வரிப்பள்ளங்களில் கடிக்கிற வரை தடியால் ஓங்கித் தள்ளணும். இதில்தான் அதிகம் கோட்டை விடுவார்கள். பட்டை கடிக்காவிட்டால் குழலை 65 பாகைக்குத் தூக்கும்போது குண்டு வழுக்கி மருந்து மேலேயே உட்காரும், தூரக் கணக்கு எல்லாம் பாழ். பிறகு மருந்துப் பை, பற்றவைக்கும் முனை பூட்டைப் பார்த்து. பூட்டை மூடி, ஏற்றம் வைத்து, ஆட்கள் ஒதுங்கிய பிறகே சுடணும்.

புலியூர்க்குறிச்சி:
1942 பற்றி. குழியின் பலம் பக்கவாட்டுச் சுவர், திறந்து கிடந்தது உச்சி. கப்பல் பீரங்கி தட்டையாகச் சுடும் காலத்துக் கட்டுமானம் அது. ஏப்ரல் 9-ல் தீவுக்கு வடக்கே உள்ள பட்டான் தீபகற்பம் விழுந்ததும் ஜப்பானியர் அங்கிருந்து 240 மி.மீ. ஹவிட்சரால் (உயர வளைத்துச் சுடும் பீரங்கி), இந்த மோர்ட்டார் செய்கிற வேலையையே தீவில் இருந்த அமெரிக்கர் மேல் செய்தார்கள். மே 2-ல் ஒரு குண்டு கியரியின் மருந்தறைக்குள் இறங்கி வெடித்ததில் 13 டன் குழல்களே தூக்கி எறியப்பட்டன. வே பேட்டரியில் கடைசியாக மிஞ்சிய ஒற்றை மோர்ட்டார் மே 6 காலை வரை சுட்டது. பிறகு பின்வாய்ப் பூட்டு இறுகித் திறக்கவில்லை.

மோர்ட்டார் உட்காரும் வண்டி முழு வட்டமும் திரும்பும் என்பதால் தரைப்படை மேலும் சுட முடிந்தது. ஜனவரியிலேயே கியரி, பட்டான் முனையில் இறங்கிய ஜப்பானியர் மேல் சுட்டிருக்கிறது. ஆனால் தளத்தைத் துளைத்துப் பிறகு வெடிக்கிற கப்பல் குண்டை மண்ணில் போட்டால் அது புதைந்துதான் வெடிக்கும். பட்டவுடனே வெடிக்கிற 670 பவுண்டு குண்டுதான் அந்த வேலைக்கு ஆகும்.