250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர்: ஸ்டார்-ஸ்டார் எடுக்கலாமா, டெல்டா-ஸ்டார் தான் வேணுமா?

நிட்டிங்_திருப்பூர்
எல்லாருக்கும் வணக்கம்ங்க. எங்களது சின்ன கார்மென்ட்ஸ் யூனிட், இதுவரைக்கும் எல்டி (குறைஞ்ச வோல்டேஜ்) சர்வீஸ்ல ஓடிட்டு இருந்துச்சு. இப்ப பவர் டேபிள் (மோட்டார் வச்ச தையல் மெஷின்) நிறைய சேத்ததுல லோடு எல்டி வரம்ப தாண்டிருச்சு, அதனால எச்டி (உயர் வோல்டேஜ்) வாங்குறோம், 22 கேவி லைன். 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் சொந்தமா வைக்கணும். ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர் நல்ல விலைக்கு வருது, ஆனா நேம்பிளேட்ல ஒய்ஒய்என்0னு, அதாவது ஸ்டார்-ஸ்டார்னு போட்டிருக்கு. புதுசா கொட்டேஷன் குடுத்தவங்க எல்லாரும் டிஒய்என்11, அதாவது டெல்டா-ஸ்டார் தான் சொல்றாங்க. ரெண்டுலயும் வெளிய வர்றது 433 வோல்ட்டும் நியூட்ரலும் தானே, அப்புறம் என்ன வித்தியாசம்? லோடு விவரம்: பவர் டேபிள் எல்லாம் சிங்கிள் ஃபேஸ் சர்வோ மோட்டார், செக்கிங் டேபிள் எல்இடி, அயர்ன் பாய்லர், கொஞ்சம் த்ரீ ஃபேஸ் மோட்டார்.

டெஸ்டிங்_பெஞ்ச்
நீங்க குடுத்த லோடு விவரத்துலயே பதில் இருக்குங்க. அந்த பழசு வேண்டாம்.

வெளிய வர்ற வோல்டேஜ் ஒன்னு தான், சும்மா மீட்டர் வச்சு பாத்தா வித்தியாசமே தெரியாது. சிங்கிள் ஃபேஸ் லோடு ஏறுனா தான் தெரியும். ஆர், ஒய், பி மூணு ஃபேஸ்ல ஆர்-ல மட்டும் ஒரு வரிசை பவர் டேபிள் ஓடுதுன்னு வைங்க, அந்த கரண்ட் நியூட்ரல் வழியா திரும்புது. அதுக்கு ஈடான கரண்ட் எச்வி (22 கேவி) பக்கம் வரணும்ல, ஸ்டார்னா மூணு வைண்டிங்கும் ஒரு முனையில ஒன்னா சேரும், அந்த புள்ளி தான் நியூட்ரல். ஸ்டார்-ஸ்டார்ல எச்வி நியூட்ரல் எங்கயும் கனெக்ட் ஆகல, அதனால அது மத்த ரெண்டு ஃபேஸ் வைண்டிங் வழியா தான் போயாகணும். அந்த ரெண்டு லிம்ப்லயும் (கோரோட தூண்) எல்வி (433 வோல்ட்) பக்கம் எதிர் கரண்ட் இல்லாததால அது சோக் மாதிரி தடுக்கும், கடைசியில நியூட்ரல் பாயின்ட் நகந்துரும், லோடு இருக்குற ஃபேஸ்ல வோல்டேஜ் இறங்கி மத்ததுல ஏறிரும். உங்க எல்இடியும் சர்வோ போர்டும் அந்த ஏறுன ஃபேஸ்ல மாட்டுனா என்ன ஆகும்னு நீங்களே யோசிங்க. மூணு லிம்ப் கோர்ல இது கொஞ்சம் அடங்கி தான் இருக்கும், ஆனா மிச்ச ஃப்ளக்ஸ் ஆயில், டேங்க் சுவர் வழியா போய் டேங்க் சூடாகும். பொதுவா ஒய்ஒய்என்0ல நியூட்ரல் கரண்ட்ட ஃபுல் லோடுல 10 சதவீதத்துக்குள்ள வைக்க சொல்லுவாங்க. 250 கேவிஏக்கு ஃபுல் லோடு 333 ஆம்பியர், அப்ப நியூட்ரல்ல வெறும் 33 தான். உங்க டைலரிங் செக்சனுக்கு பத்தவே பத்தாது.

டெல்டால இந்த பிரச்சனையே கிடையாது, ஒவ்வொரு எச்வி வைண்டிங்கும் ரெண்டு லைனுக்கு நடுவுல நேரா உக்காந்திருக்கு, எந்த லிம்ப்ல லோடு விழுந்தாலும் அந்த வைண்டிங்கே கரண்ட் இழுத்துக்கும். இன்னொன்னு, சர்வோ டிரைவ், எல்இடி எல்லாம் மூணாவது ஹார்மோனிக் (150 ஹெர்ட்ஸ் கரண்ட்) தள்ளும், அது மூணு ஃபேஸ்லயும் ஒன்னா ஏறி இறங்குறதால நியூட்ரல்ல கழிபடாம கூடிரும். எச்வி டெல்டா அத உள்ளயே சுத்த விட்டுரும், 22 கேவி லைனுக்கு போகாது. ஆனா அந்த சுத்துற கரண்ட்டும் சூடு தான், அதனால கேவிஏல கொஞ்சம் கைவசம் வைங்க, நியூட்ரல் கேபிள பாதி சைஸ்ல போடாதீங்க.

பழைய_லைன்மேன்
மேல சொன்னது சரிதான், ஆனா ஸ்டார்-ஸ்டார ஒரேடியா மட்டம் தட்டவும் கூடாது. முழுக்க த்ரீ ஃபேஸ் மோட்டார் மட்டும் ஓடுற எடத்துல அது நல்லாவே ஓடும். எச்வி ஸ்டார்னா ஒரு வைண்டிங்குக்கு 22 கேவி வராது, 12.7 தான், சுத்தும் கம்மி, கம்பியும் தடிமனா வரும். சின்ன சைஸ்ல எச்வி ஸ்டார் வேணும், ஆனா சிங்கிள் ஃபேஸ் லோடும் தாங்கணும்னா எல்வில ஜிக்ஜாக் (ஒரு ஃபேஸ் வைண்டிங்க ரெண்டு லிம்ப்ல பிரிச்சு சுத்துறது) போடுவாங்க, ஒய்இசட்என். அதுல எல்விக்கு 15 சதவீதம் சுத்து கூட வேணும், 250 கேவிஏக்கு அது வீண் செலவு.

டெல்டா-ஸ்டார் எடுத்தா ஒன்ன மட்டும் மனசுல வைங்க தம்பி. எச்ஜி ஃப்யூஸ் (22 கேவி பக்க ஃப்யூஸ்) ஒன்னு போச்சுன்னா எல்வில ஒரு ஃபேஸ் முழுசா 250 வோல்ட் காட்டும், மத்த ரெண்டும் பாதி, 125 கிட்ட நிக்கும். லைட் மங்கலா எரியுதேன்னு மோட்டார ஸ்டார்ட் பண்ணிராதீங்க, காயில் கருகிரும். சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் (ஒரு ஃபேஸ் போனா மோட்டார நிறுத்துற ரிலே) கண்டிப்பா போடுங்க.

நிட்டிங்_திருப்பூர்
ரொம்ப நன்றிங்ணா, பழச விட்டுட்டோம். இன்னொரு சந்தேகம், இப்ப டிஒய்என்1 ஒன்னு ரெடி ஸ்டாக்ல இருக்குன்றாங்க. டெல்டா-ஸ்டார் தானே, 11க்கு பதிலா 1 இருந்தா பரவால்லையா? பின்னாடி யூனிட் பெருசானா இன்னொன்னு பக்கத்துலயே வைக்கிற யோசனை இருக்கு.

டெஸ்டிங்_பெஞ்ச்
தனியா ஓடுற வரைக்கும் 1ம் 11ம் ஒரே வேலை தான் செய்யும். அந்த நம்பர் கடிகார முள்ளு கணக்கு, 11னா எல்வி 30 டிகிரி முன்னாடி, 1னா 30 டிகிரி பின்னாடி. ரெண்டுக்கும் நடுவுல 60 டிகிரி. நாளைக்கு பக்கத்துல ஒரு 11 வச்சு பஸ் கப்ளர (ரெண்டையும் இணைக்கிற சுவிட்ச) போட்டா ஒரே பேர் இருக்குற ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 250 வோல்ட் நிக்கும், அது நேரா ஷார்ட் தான். ரெண்டு பக்கமும் ரெண்டு ஃபேஸ மாத்தி கட்டி 1ஐ 11ஓட சேக்க வழி இருக்கு, ஆனா பத்து வருசம் கழிச்சு வர்ற எலக்ட்ரீசியனுக்கு அது எப்படி தெரியும்? நம்ம ஊர்ல ஐஎஸ் 1180 (இந்திய தரநிலை) படி வர்றது டிஒய்என்11, அதையே வாங்குங்க.

நேம்பிளேட்ட மட்டும் நம்பாம டெலிவரி எடுக்கறப்ப ஒரு டெஸ்ட் பண்ண சொல்லுங்க. எச்வி ஆர், எல்வி ஆர் ரெண்டையும் ஒரு வயர்ல சேத்து, எச்வி பக்கம் 415 வோல்ட் த்ரீ ஃபேஸ் குடுங்க. அப்புறம் எச்வி ஒய்-ல இருந்து எல்வி ஒய்-க்கும், எச்வி பி-ல இருந்து அதே எல்வி ஒய்-க்கும் அளந்து பாருங்க. முதல்ல அளந்தது 7 வோல்ட் கிட்ட கம்மியா இருந்தா 11, ரெண்டும் சமமா இருந்தா 1. சப்ளை ஆடாம இருக்கணும், நல்ல டிஜிட்டல் மீட்டர் வேணும். தெரியாம அந்த 415ஐ எல்வி பக்கம் குடுத்துராதீங்க, எச்வி புஷ்ஷிங்ல (டெர்மினல்ல) 21 ஆயிரம் வோல்ட் நிக்கும், டெஸ்ட் பண்றவர் பக்கத்துலயே இருந்து பாருங்க.

ரிலே_ராசா
ஒன்னு விட்டுப்போச்சு. டெல்டா-ஸ்டார்ல எல்வி பக்கம் எர்த் ஃபால்ட் (கரண்ட் எர்த்துக்கு பாயுறது) ஆனா எச்வி பக்க எர்த் ஃபால்ட் ரிலேக்கு அது தெரியவே தெரியாது, டெல்டா தடுத்துரும். அதனால எல்வி நியூட்ரல் எர்த்துக்கு போற கம்பில ஒரு சிடி (கரண்ட் அளக்குற சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) போட்டு தனி ரிலே வைங்க. ஆர்டர் குடுக்கறப்பவே நியூட்ரல் சிடிக்கு எடம் கேட்டு வாங்கிருங்க, அப்புறம் கேபிள் பாக்ஸ பிரிச்சு மாட்டுறது பெரிய வேலை.