கல்யாணத்துக்குள் முளைக்குமா?

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

சனிக்கிழமை

கார்த்திக், இரவு 8.04
எல்லாரும் இருக்கிறீர்களா? ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யாரும் கத்தக் கூடாது.

மஞ்சு, 8.05
இப்படி ஆரம்பித்தால் கத்தத்தான் தோன்றும். சொல்லித் தொலை.

கார்த்திக், 8.08
அடுத்த மாதம் 10-ஆம் தேதி ஹேர் டிரான்ஸ்பிளான்ட் செய்துகொள்ளப் போகிறேன். முன்பணம் கட்டியாயிற்று, என் சேமிப்பிலிருந்துதான். ஒரே நாளில் 4000 கிராஃப்ட், அதாவது பின்தலையிலிருந்து எடுத்து முன்னால் நடும் முடி வேர்கள். அக்கா கல்யாணத்துக்கு நாலு மாதம் இருக்கிறது, அதற்குள் முளைத்துவிடும். இந்த நெற்றியோடு போட்டோவில் நிற்க என்னால் முடியாது.

அம்மா, 8.10
ஆபரேஷனா? 23 வயதில் தலையில் எதற்குடா கத்தி?

அப்பா, 8.10
எனக்கு 28-இல் போனது. தலை துவட்டும் நேரம் மிச்சம்.

கார்த்திக், 8.11
அப்பா, நீங்கள் இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எனக்குப் பயமே.

மஞ்சு, 8.12
வித்யா அக்காவைக் கேட்டாயா? தோல் டாக்டரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு யாரிடமோ பணம் கட்டியிருக்கிறாய்.

கார்த்திக், 8.13
கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

வித்யா, 8.31
இப்போதுதான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. உன் தலையை நேரில் பார்த்து, லென்ஸ் வைத்துச் சோதித்தது யார்?

கார்த்திக், 8.33
நேரில் இல்லை. நாலு போட்டோ அனுப்பினேன். கவுன்சிலர் ஒருவர் பார்த்துவிட்டு எண்ணிக்கை சொன்னார்.

வித்யா, 8.34
அவர் டாக்டரா?

கார்த்திக், 8.36
இல்லை போல. ஆனால் ரொம்பப் பொறுமையாகப் பேசினார்.

மஞ்சு, 8.36
விற்பவர் பொறுமையாகத்தான் பேசுவார்.

வித்யா, 8.41
முதலில் அந்த நாலு மாதக் கணக்கைப் பார்ப்போம். நட்ட வேரில் இருக்கிற முடி இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரத்துக்குள் கொட்டிவிடும். வேர் உள்ளே உயிரோடு இருக்கும், தலை மட்டும் வெறுமையாகத் தெரியும். பக்கத்தில் உள்ள உன் சொந்த முடியும் அந்த அதிர்ச்சியில் கொஞ்சம் உதிரலாம். புதிது எட்டிப்பார்க்கவே மூன்று, நான்கு மாதம் ஆகும். அதுவும் முதலில் மெல்லிசாக, சுருண்டு சுருண்டு வரும். பார்த்தால் முடி என்று சொல்லும் அளவுக்கு ஆக ஒரு வருடம். உச்சந்தலை என்றால் ஒன்றரை வருடம்கூட ஆகும்.

மஞ்சு, 8.42
ஒரு நிமிஷம். அடுத்த மாதம் 10-இல் செய்தால் என் கல்யாணம் மூன்றாவது மாதத்தில் வருகிறது.

வித்யா, 8.42
ஆமாம். இப்போது இருப்பதைவிட மோசமாகத் தெரிகிற மாதம் எதுவோ, அதே மாதம்.

கார்த்திக், 8.44
அந்தக் கவுன்சிலர் "கல்யாணத்துக்குள் வித்தியாசம் தெரியும்" என்றாரே.

மஞ்சு, 8.44
தெரியும்தான். அவர் பொய் சொல்லவில்லை.

அப்பா, 8.45
😂

கார்த்திக், 8.50
சரி, அக்கா கல்யாணத்தை விடுங்கள். அது போனால் போகட்டும். எப்படியும் ஒருநாள் செய்துகொள்ளத்தானே வேண்டும்? இப்போதே செய்தால் இளமையிலேயே அனுபவிக்கலாம். கடந்த ஒரு மாதமாகக் குளிக்கும்போது கை நிறைய வருகிறது. தினமும் எண்ணினேன், ஒருநாள் 200-ஐத் தாண்டியது.

வித்யா, 8.52
ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லாருக்கும் உண்டு. 200 அதிகம்தான். சித்தி, இவனுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு ஏதாவது வந்ததா?

அம்மா, 8.55
நல்ல காய்ச்சல் வந்ததே! பத்து நாள் படுத்த படுக்கை. எழுந்தபோது ஆளே பாதியாக இருந்தான். வேளாவேளைக்குச் சாப்பிடவும் இல்லை.

வித்யா, 9.01
அப்படியானால் இந்தக் கை நிறைய முடியில் பாதி அந்தக் காய்ச்சலுடையது. பெரிய காய்ச்சல், ஆபரேஷன், திடீரென எடை குறைவது, இப்படி ஏதாவது நடந்தால் நிறைய வேர்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். உடனே கொட்டாது. இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். அதனால்தான் யாருக்கும் காய்ச்சல் நினைவுக்கு வருவதில்லை. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே நின்று, திரும்ப முளைத்துவிடும். கார்த்திக், அவர்கள் இதைக் கேட்டார்களா?

கார்த்திக், 9.02
இல்லை.

வித்யா, 9.03
இரத்தசோகை, தைராய்டு பரிசோதனை?

கார்த்திக், 9.03
இல்லை. பணம் எப்படிக் கட்டப் போகிறேன் என்று மட்டும் கேட்டார்கள்.

வித்யா, 9.06
ஆனால் நெற்றியோரம் இரண்டு பக்கமும் உள்வாங்கியிருப்பது காய்ச்சல் இல்லை. அது ஆண்வழுக்கைதான், அதை மறைத்துப் பேச மாட்டேன். இதை ஏழு நிலையாகப் பிரிப்போம், நார்வுட் அளவு என்று பெயர், 1975-இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. உன் போட்டோவை வைத்துப் பார்த்தால் நீ மூன்றாம் நிலையின் வாசலில். சித்தப்பா ஆறு.

அப்பா, 9.07
தேர்வில்கூட இவ்வளவு எடுத்ததில்லை.

கார்த்திக், 9.09
ஆனால் நான் அப்பா மாதிரி ஆகமாட்டேன். வழுக்கை அம்மா வழியில்தான் வருமாம், படித்திருக்கிறேன். ரவி மாமாவுக்கு 42 வயது, நெற்றியில் எவ்வளவு முடி!

அம்மா, 9.10
அது உண்மை. என் தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே அடர்த்தி.

வித்யா, 9.12
அம்மா வழி மட்டும் என்பது பாதி உண்மை. முக்கியமான மரபணு ஒன்று எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது அம்மாவிடமிருந்து வருவது. ஆனால் இதில் பங்குள்ள மரபணுக்கள் நிறைய, இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன.

ரவி மாமா, 9.14
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ரவி மாமா, 9.15
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மஞ்சு, 9.16
மாமா, என்ன அழித்து அழித்து எழுதுகிறீர்கள்?

ரவி மாமா, 9.27
அக்கா, அது என் நெற்றி முடி இல்லை. பின்தலை முடி.

அம்மா, 9.27
என்னது??

ரவி மாமா, 9.38
24 வயதில் செய்துகொண்டேன். அலுவலகப் பயிற்சிக்கு வெளியூர் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு நாள் காணாமல் போனேனே, அப்போது. முகம் வீங்கியிருந்ததற்குத் தேனீ கொட்டியது என்றேன். நீங்களும் நம்பினீர்கள்.

கார்த்திக், நான் போனதும் உன்னைப் போலத்தான். கேட்டது நேர்கோடாக, கீழே இறக்கிய நெற்றி, பள்ளிக்கூடப் பையனுக்கு இருப்பது போல. அவர்களும் வைத்துக் கொடுத்தார்கள். முதல் நாலு வருடம் ராஜா மாதிரி இருந்தேன், அதை மறுக்க மாட்டேன். அப்புறம் அதற்குப் பின்னால் இருந்த என் சொந்த முடி பின்வாங்க ஆரம்பித்தது. நட்டது அப்படியே நிற்கிறது, பின்னால் வெட்டவெளி. 30 வயதில் முன்னால் ஒரு தீவு, நடுவில் கடல், பின்னால் கரை. 35-இல் அந்தக் கடலைத் தூர்க்க இன்னொரு முறை செய்தேன். அதோடு பின்தலைக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. உச்சந்தலைக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மஞ்சு, 9.40
மாமா... அந்தத் தொப்பி?

ரவி மாமா, 9.41
வெயிலுக்கு என்று சொன்னேன் அல்லவா? ராத்திரியிலும் போட்டிருப்பேனே, யாரும் யோசிக்கவில்லையா?

அம்மா, 9.43
என்னிடம்கூடச் சொல்லவில்லையேடா ரவி.

ரவி மாமா, 9.44
சொன்னால் நீ அழுவாய் அக்கா. இப்போது அழுகிறாய்தானே?

அப்பா, 9.45
அழுகிறாள்.

கார்த்திக், 9.49
சாரி மாமா. ஆனால் உங்களுக்குச் செய்தது பழைய முறை இல்லையா? இப்போது ஒவ்வொரு வேராக எடுக்கிறார்களே.

ரவி மாமா, 9.52
ஆமாம், எனக்குப் பின்தலையில் தோலை நாடா போல வெட்டி எடுத்துத் தைத்தார்கள். காதுக்குக் காது கோடு இருக்கிறது. மொட்டையடித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை, தழும்பு பல்லிளிக்கும்.

வித்யா, 9.58
கார்த்திக் சொல்வது சரிதான், எஃப்.யூ.ஈ. முறையில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஊசித் துளையால் தனித்தனியாக எடுப்பார்கள், நீளக் கோடு வராது. புள்ளித் தழும்புகள் வரும். ஆனால் மாமாவின் கதை முறையால் வந்ததில்லை, வயதால் வந்தது. எந்த முறையில் எடுத்தாலும் எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. பின்தலையும் காதோரமும் வழுக்கைக்கு அசையாத இடம். அங்கிருந்து எடுத்து எங்கே நட்டாலும் அந்த முடி தன் பழைய குணத்தோடுதான் இருக்கும். நார்மன் ஓரன்ட்ரைக் என்ற அமெரிக்க டாக்டர் 1959-இல் இதை எழுதினார், டிரான்ஸ்பிளான்டே அதன்மேல்தான் நிற்கிறது. சிகிச்சை பலிப்பதும் அதனால்தான், மாமாவின் தீவு மூழ்காததும் அதனால்தான்.

ஆயுள் முழுவதற்கும் பலருக்கு அங்கே 5000, 6000 கிராஃப்டுக்கு மேல் தேறாது. அதில் 4000-ஐ ஒரே நாளில், 23 வயதில், நெற்றிக்கு மட்டும் என்றால் உனக்கு 40 வயதில் என்ன இருக்கும்?

ரவி மாமா, 10.00
நான் இருப்பேன், தொப்பி கடன் கொடுக்க.

கார்த்திக், 10.04
அப்படியானால் எப்போதுதான் செய்வது? எல்லாரும் வேண்டாம் என்று மட்டும் சொல்கிறீர்கள். 35 வயதில் யாருக்கு வேண்டும் முடி?

ரவி மாமா, 10.05
எனக்கு 42-இலும் வேண்டும்.

வித்யா, 10.14
நியாயமான கேள்வி. வயது என்று ஒரு எண் சொல்ல முடியாது. 25-க்கு முன் தொட நல்ல டாக்டர்கள் தயங்குவார்கள், காரணம் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று அப்போது தெரியாது. நான் பார்ப்பது வேறு. முதலில் காய்ச்சல் கொட்டல் நிற்க வேண்டும். அப்புறம் மருந்தைத் தொடங்கி ஒரு வருடமாவது பார்க்க வேண்டும். மினாக்ஸிடில் தடவுவது, ஃபினாஸ்டரைடு மாத்திரை. இருப்பதைக் காப்பாற்றுவதுதான் இவற்றின் முதல் வேலை, கொஞ்சம் திரும்ப வந்தால் லாபம். அந்த ஒரு வருடத்தில் நெற்றி அசையாமல் நின்றால், எங்கே நடுவது, எவ்வளவு மிச்சம் வைப்பது என்று திட்டம் போட முடியும்.

டிரான்ஸ்பிளான்ட் செய்தாலும் மருந்து விடாது. நட்டது நிற்கும், நடாதது போய்க்கொண்டே இருக்கும் அல்லவா?

ரவி மாமா, 10.16
அந்த மாத்திரைக்கு 1997-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்துவிட்டது. நான் போய்ப் படுத்தபோது அது வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. ஒருவர்கூட அதன் பெயரைச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில்தான் கோபம்.

கார்த்திக், 10.18
அந்த மாத்திரையால் ஆண்மை போய்விடும் என்று எழுதியிருக்கிறார்களே.

அம்மா, 10.18
ஐயோ

வித்யா, 10.22
குழுவில் இதைப் பேச வெட்கமாக இருந்தால் தனியாக வா. சுருக்கமாக: சிலருக்கு ஆசை குறைவது, விறைப்புக் குறைவது உண்டு, மனச்சோர்வும் சொல்லியிருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு எதுவும் வருவதில்லை. வந்தவர்களில் அநேகருக்கு நிறுத்தினால் சரியாகிவிடும், ஒரு சிலருக்கு நீடித்ததாகவும் சொல்கிறார்கள். அதனால் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும், கடையில் நீயாக வாங்கக் கூடாது. சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் இரத்ததானம் செய்யக் கூடாது. மாத்திரை வேண்டாம் என்று தோன்றினால் தடவுவதை மட்டும் வைத்துத் தொடங்கலாம்.

மஞ்சு, 10.24
தடவுவதை நாளைக்கே தொடங்கட்டுமா? கல்யாணத்துக்குப் பலன் தெரியுமா?

வித்யா, 10.25
முதல் சில வாரம் அதுவும் கொஞ்சம் கொட்ட வைக்கும். பழைய முடி புதியதற்கு இடம் விடும். பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும்.

மஞ்சு, 10.26
எல்லா வழியும் என் கல்யாணத்துக்கு எதிராகவே இருக்கிறது.

அப்பா, 10.27
மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போட்டால் அப்படித்தான். அவன் முடியையும் உன் கல்யாணத்தையும் யார் சேர்த்துக் கட்டச் சொன்னது?

அப்பா, 10.28
வித்யா, சும்மா கேட்கிறேன். நான் செய்துகொண்டால்?

வித்யா, 10.30
காலம் என்று பார்த்தால் இந்த வீட்டில் உங்களுக்குத்தான் சரி சித்தப்பா. 58 வயது, போக வேண்டியது போய் நின்றுவிட்டது, ஆச்சரியம் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் மூட வேண்டிய இடம் பெரிது, கையிருப்பு சிறிது. முன்னால் மட்டும் லேசாக வரும்.

அப்பா, 10.31
வேண்டாம். அப்புறம் சீப்பு வாங்க வேண்டும்.

கார்த்திக், 10.44
சரி. 10-ஆம் தேதியை ரத்து செய்கிறேன். ஆனால் சொல்லிவிடுகிறேன், மனசு மாறவில்லை. ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்பேன். அப்போது யாரும் "போனால் என்ன" என்று சொல்லக் கூடாது. எனக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வித்யா, 10.46
சின்ன விஷயம் என்று நான் சொல்லவே இல்லை. திங்கட்கிழமை இரத்தப் பரிசோதனைக்கு வா. இன்றிலிருந்து மாதம் ஒரு போட்டோ, ஒரே இடம், ஒரே விளக்கு, முடி ஈரமில்லாமல். கண்ணாடியை நம்பாதே, மனசுக்கு ஏற்ப மாறும்.

ரவி மாமா, 10.51
📷 புகைப்படம்

மஞ்சு, 10.52
மாமா! தொப்பி இல்லாமல்!

ரவி மாமா, 10.53
கார்த்திக்குக்காக. நெற்றி எங்கே, தீவு எங்கே என்று அவன் பார்த்துக்கொள்ளட்டும். அக்கா, நீ பெரிதாக்கிப் பார்க்காதே.

அம்மா, 10.55
பார்த்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறாய். கல்யாணத்துக்கு அப்படியே வா.

கார்த்திக், 11.02
முன்பணம் திரும்ப வராதாம். இப்போதுதான் செய்தி வந்தது. வேண்டுமானால் 5000 கிராஃப்டாக உயர்த்தித் தருகிறார்களாம், இன்று இரவுக்குள் சொல்ல வேண்டுமாம்.

அப்பா, 11.03
அந்த நம்பரை அனுப்பு. என் போட்டோவை அனுப்பி எத்தனை கிராஃப்ட் என்று கேட்கிறேன்.