எம்ஏபிடி, எஃப்ஏபிடிக்குத் தமிழில் ஒரு சொல்: வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சூரமங்கலத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். பிளம்பிங் மாணவர்களுக்கான 'பழைய வீட்டில் குடிநீர்க் குழாய் மாற்றுதல்' கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மரை (திருகுப் புரி), காடி, பசை என்று மற்றச் சொற்கள் எல்லாம் முடிந்தன. ஒன்றில்தான் நிற்கிறேன். பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயும் புதிய சிபிவிசி (சுடுநீர் தாங்கும் பிளாஸ்டிக்) குழாயும் சந்திக்கும் இடத்தில் போடும் துண்டு. ஒரு பக்கம் பித்தளை மரை, மறுபக்கம் பசை தடவிக் குழாயைச் செருகும் குழி. கடையில் எம்ஏபிடி (MABT, பித்தளை வெளிமரை அடாப்டர்), எஃப்ஏபிடி (FABT, பித்தளை உள்மரை அடாப்டர்) என்று எழுத்தாகவே கேட்கிறார்கள். பொருள் தெரியாததால் மாணவர் பித்தளை இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக்கான உள்மரைத் துண்டை வாங்கி வந்துவிடுகிறார். இரும்புக் குழாயின் மரை 16-க்கு 1 என்ற கணக்கில் கூம்பிப் போவது. முறுக்க முறுக்க ஆப்புப் போல இறங்கிப் பிளாஸ்டிக்கை நெடுக்காகப் பிளக்கும். அன்றைக்கே ஒழுகினால் பரவாயில்லை, பல நேரம் டைல்ஸ் ஒட்டிய பிறகுதான் ஒழுகும். பெயரிலேயே வேலை தெரிந்தால் இந்தத் தவறு குறையும். 'பொருத்தி', 'தகவி' இரண்டும் மனதுக்கு ஒட்டவில்லை.

அம்மாப்பேட்டையிலிருந்து:

ஐயா, இதற்குப் பெயர் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. இரண்டு உயிர் நேரே சேராது, நடுவில் ஒரு மெய் வந்து சேர்த்துவைக்கும். மணி, அடித்தது: மணியடித்தது. இரும்பும் பிளாஸ்டிக்கும் அப்படி நேரே சேராத இரண்டு. நடுவில் வரும் பித்தளைத் துண்டு செய்வது உடம்படுமெய்யின் வேலை. 'உடம்படி' என்று வைப்போம். நன்னூல் விதியையும் பாருங்கள்: முன்னால் இ, ஈ, ஐ நின்றால் யகரம், ஏகாரம் நின்றால் இரண்டும், மற்ற உயிர் நின்றால் வகரம். முன்னால் நிற்பதைப் பார்த்தே நடுவில் வருவதைத் தேர்கிறோம். சுவரில் நீட்டிக்கொண்டிருப்பது குழாய் முனையா, எல்போவின் (வளைவுத் துண்டின்) வாயா என்று பார்த்து எஃப்ஏபிடியா எம்ஏபிடியா என முடிவு செய்வதும் அதே முறைதானே?

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

ஒப்புமை அழகாக இருக்கிறதுங்க ஐயா. ஆனால் கடையில் 'முக்கால் இஞ்சி உடம்படி நாலு' என்றால் எடுத்துக் கொடுப்பவர் எதை எடுப்பார்? 'உடம்பு' காதில் விழும், 'படி' காதில் விழும், பித்தளை விழாது.

கையேட்டுக்கு இன்னொன்று. பெயர் எதுவானாலும் பயன்படுத்தும் வரிசையை அந்தப் பக்கத்திலேயே போடுங்கள். முதலில் மரை, பிறகு பசை. துண்டை இரும்பில் முறுக்கி முடித்த பிறகே சிபிவிசி குழாயை ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டு முறுக்கினால் குழாயும் சேர்ந்து சுழன்று, பிடித்துக்கொண்டிருக்கும் பசை விட்டுவிடும். டெஃப்லான் டேப் வெளிமரையில், முறுக்கும் திசையிலேயே 6 முதல் 8 சுற்று. மரையில் ஒருபோதும் பசை கூடாது. கை முறுக்கு நின்ற பிறகு ஸ்பேனரில் ஒன்றிலிருந்து ஒன்றரைச் சுற்று போதும். பிவிசி பசை சிபிவிசிக்கு ஆகாது, சிபிவிசிக்கென்று வரும் மஞ்சள் பசைதான் வேண்டும். தடவி, கால் சுற்று திருப்பிச் செருகி, அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். 24 மணி நேரம் விட்டுத் தண்ணீர் திறந்தால் கவலை இல்லை.

பழைய இரும்பைக் கழற்றும்போது இரண்டு பைப் ரெஞ்சு வேண்டும், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. ஒற்றை ரெஞ்சில் திருப்பினால் சுவருக்குள் இருக்கும் அடுத்த மூட்டு உடையும். மரை வெட்டிய இடத்தில்தான் குழாயின் கனம் குறைவு, துரு முதலில் தின்பதும் அங்கேதான். அதனால் முடிந்தவரை பழைய குழாயைச் சுவருக்குள்ளேயே எண்ட் கேப் போட்டு அடைத்துவிட்டு, புதிய லைனைத் தனியாக இழுப்பதே நல்லது. மீட்டர் பக்கத்திலும் தொட்டியின் வாயிலும் மட்டும்தான் நீங்கள் கேட்கும் துண்டு தவிர்க்க முடியாதது.

ஏற்காட்டிலிருந்து:

அளவையும் சொல்லில் சேர்க்க இடம் வேண்டும். முக்கால் இஞ்சி ஜிஐ குழாயின் உள்வாய் சுமார் 21 மி.மீ. அதே முக்கால் இஞ்சி சிபிவிசிக்கு, எஸ்டிஆர் 11 (வெளி விட்டம் குழாய்ச் சுவரின் கனத்தைப் போல 11 மடங்கு) என்றால், வெளி விட்டமே 22.2 மி.மீ., உள்வாய் 18 மி.மீ. பெயர் ஒன்று, தண்ணீர் போகும் வழி வேறு. தொட்டியிலிருந்து இறங்கும் முதன்மை லைனில் முக்கால் இஞ்சி இரும்பை எடுத்தால் 1 இஞ்சி சிபிவிசி போடுவதே சரி. அப்போது தேவைப்படுவது 1 இஞ்சி குழி, முக்கால் இஞ்சி மரை உள்ள துண்டு. 'உடம்படி' என்ற ஒற்றைச் சொல் இதைத் தாங்குமா?

மலையில் வேறு சிக்கலும் உண்டு. சரிவில் தொட்டி வீட்டுக்கு 20 மீட்டர் மேலே இருந்தால் குழாயில் சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தம் எப்போதும் நிற்கும். குளிர் காலத்தில் கீசர் லைனில் தண்ணீர் 30 டிகிரி சூடேறினால் 3 மீட்டர் சிபிவிசி ஏறக்குறைய 6 மி.மீ. நீளும். குழாயை இருபுறமும் இறுக்கிப் பூசிவிட்டால் அந்த நீட்சி இந்தத் துண்டின் கழுத்தில்தான் வந்து விழும். சேலத்தில் பிரச்சினை வேறு: வெள்ளைக்கல் வெட்டும் பகுதிகளின் மக்னீசியம் கலந்த கடின நீர், இரும்புக் குழாயை உள்ளிருந்தே படிவம் கட்டி அடைக்கும்.

என் பரிந்துரை 'மாற்றிணைப்பி'.

அம்மாப்பேட்டையிலிருந்து:

'மாற்று' என்றால் பதிலாக வைப்பது என்று பொருள் போய்விடும். அது நிற்க. 'மரை' என்ற சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். மரை என்னும் மானின் முறுக்குக் கொம்பிலிருந்து வந்தது என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. முறுக்குக் கொம்பு இரலை என்னும் வேறு மானுக்கு உரியது. அகநானூற்றின் 4-ஆம் பாட்டு அதன் கொம்பை 'இரும்பு திரித்தன்ன' என்கிறது. இரும்பில் வெட்டிய திருகுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எது? 'திரி' என்பதிலிருந்து 'திரிவாய்' என்று...

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

மரை இன்று பட்டறைக்குப் பட்டறை வழங்கும் சொல். வேர் எதுவாக இருந்தாலும் அதை மாற்ற வேண்டாங்க ஐயா.

ஆண் மரை, பெண் மரை என்பதை வேண்டுமானால் விடலாம். புறமரை, அகமரை போதும். பார்த்தவுடன் புரியும்: இரும்புக் குழாயின் முனையில் புறமரை, எல்போவின் வாயில் அகமரை.

குகையிலிருந்து:

குழாய் என்பதையே 'தூம்பு' ஆக்கினால் என்ன? மணிமேகலையில் 'சுருங்கைத் தூம்பு' வருகிறது.

அம்மாப்பேட்டையிலிருந்து:

அந்தத் தூம்பின் வழியே போவது மகளிர் கூந்தல் கழுவிய நீர். கழிவுநீர்க் குழாய்க்கு எழுதும்போது எடுத்துக்கொள்வோம். குடிநீருக்கு ஆகாது.

சூரமங்கலத்திலிருந்து:

வியாழன் மாலை ஆகிவிட்டது. பெரும்பாலோர் ஏற்றபடி இப்படிப் போடுகிறேன்: எஃப்ஏபிடி = பித்தளை அகமரை இணைப்பி. எம்ஏபிடி = பித்தளைப் புறமரை இணைப்பி. குழியின் அளவு முதலில், மரையின் அளவு அடுத்து. கடை எழுத்துகளும் பக்கத்திலேயே இருக்கும். 'பித்தளை' என்ற சொல்லை எங்கும் விடமாட்டேன். முதலில் மரை, பிறகு பசை என்பது கட்டம் போட்டு வரும். உடம்படுமெய் ஒப்புமையை வகுப்பில் சொல்வேன், அச்சில் இடமில்லை.

அம்மாப்பேட்டையிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'பித்தளைப் புறமரை இணைப்பி' என்றால் இருபுறமும் மரை வெட்டிய பித்தளை நிப்பிளும் அந்தப் பெயருக்குள் அடங்கிவிடும். மரையைச் சொன்னீர்கள், உலோகத்தைச் சொன்னீர்கள், பசைக் குழியைச் சொல்லவில்லை. அந்தத் துண்டு ஏன் இருக்கிறதோ அது பெயரில் இல்லை. அடுத்த பதிப்புக்குள் 'உடம்படி'யை இரண்டு கடைகளிலாவது சொல்லிப் பார்க்கும்படி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.