வார் இன் தி ஈஸ்ட் 2: ஸ்மோலென்ஸ்க் அருகே எரிபொருள் தீர்கிறது, வழி சொல்லுங்க

வணக்கம் நண்பர்களே. கேரி கிரிக்ஸ்பியின் வார் இன் தி ஈஸ்ட் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில் (இரண்டாம் உலகப் போர், ஜெர்மனி–சோவியத் மோதல்) ஜெர்மன் தரப்பில் ஆடுகிறேன். 1941 ஜூன் 22-இல் ஆரம்பம். ஒரு சுற்று ஒரு வாரம், ஒரு அறுகோணக் கட்டம் 10 மைல். மின்ஸ்க் வரை பிரச்சினை இல்லை. ஸ்மோலென்ஸ்க் நெருங்கும்போது டாங்கிப் படைகளுக்கு எரிபொருள் தட்டுப்பாடு. சோவியத் தண்டவாளம் அகலமானது, மாற்றிப் போட்டால்தான் நம் ரயில் ஓடும். அந்த வேலை முன்னணியைவிட வெகுதூரம் பின்னாடி நிற்கிறது. நடுவில் உள்ள தூரத்தை லாரிகள்தான் கடக்கணும், அவையும் தேய்கின்றன. இந்தச் சரக்குக் கணக்குக்காகவே இந்த விளையாட்டு எனக்கு உயிர்.

கிடங்குகளை ரயில் முனையிலேயே குவிப்பதா, வழிநெடுகப் பரப்புவதா? எல்லாக் கிடங்குக்கும் முன்னுரிமை 4 (அதிகபட்சம்) கொடுக்கலாமா? லெனின்கிராட் பக்கம் சரக்கைக் குறைத்து நடு முனைக்குத் திருப்பிப் பார்த்தவர்கள் இருந்தால் விவரமாகச் சொல்லுங்க. வரைபடப் படம் கமெண்டில் போடுகிறேன்.