கணினியை அணைத்துப் போட்டால் மட்டும் எப்படிச் சரியாகிறது?

நிலாமுற்றம்:
நேற்று வரை ஒழுங்காக ஓடிய பிரிண்டர் இன்று 'ஆஃப்லைன்' என்கிறது. நான் எதையும் மாற்றவில்லை, கேபிளைக்கூடத் தொடவில்லை. எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது, நான்கு நாளில் மறுபடியும் மக்கர். கணினி என்றாலே ஏன் இப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கட்டெறும்பு:
நீங்கள் மாற்றவில்லை, அது தானாக மாறிக்கொண்டே இருக்கிறது. ரௌட்டர் பிரிண்டருக்குப் புது ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதற்கான அடையாள எண்) கொடுத்திருக்கும், கணினி பழைய முகவரியிலேயே தேடிக்கொண்டிருக்கும். ரௌட்டர் அமைப்பில் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்கிப் பாருங்கள், பெரும்பாலும் தொல்லை விடும்.

அணைத்துப் போடுவது பற்றி: ஒரு நிரல் ஓட ஓட, திருப்பித் தராத மெமரி, பாதியில் நின்ற இணைப்புகள், ஏறிக்கொண்டே போகும் எண்ணிகள் என்று உள்ளே குப்பை சேரும். விண்டோஸ் 95 மில்லிசெகண்டுகளை 32 பிட் எண்ணில் எண்ணியது, 49.7 நாளில் அந்த எண் நிரம்பியதும் கணினி உறைந்துவிடும். போயிங் 787-லும் இதே கதைதான், 248 நாள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவிகள் நின்றுவிடலாம் என்று 2015-ல் அமெரிக்க விமானத்துறை அவ்வப்போது அணைத்துப் போடச் சொல்லி உத்தரவே போட்டது. அணைத்துப் போட்டால் எல்லாம் சுழியத்துக்கு வரும். நிரல் எழுதியவர்கள் அதிகம் சோதித்த நிலையும் அதுதான்.

மூன்றாம்படி:
எப்போதும் அது கைகொடுக்காது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. அதற்கு வந்த ஒரு சின்ன அப்டேட் கோப்பு 21 உள்ளீடுகளைக் கேட்டது, அந்த மென்பொருளின் நிரல் கொடுத்தது 20. இல்லாத 21-வதைப் படிக்கப் போய் விண்டோஸே விழுந்தது, ஏனென்றால் அந்த மென்பொருள் ஓடுவது கெர்னலுக்குள், அதாவது விண்டோஸின் உள்மையத்தில். மறுபடி போட்டால் அதே கோப்பு மறுபடி ஏறும், மறுபடி நீலத்திரை. பெரும்பாலான இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியாக சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலை) போய் அந்தக் கோப்பை அழித்தார்கள். முந்தைய சோதனைகளில் அந்த 21-வது இடத்தில் 'எதுவாகவும் இருக்கலாம்' என்றே விட்டிருந்ததால் பிழை மாட்டவே இல்லை. தனித்தனியாக எல்லாம் சரி, சேருமிடத்தில்தான் உடைகிறது.

வெள்ளாறு:
இதெல்லாம் இயல்பு என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டோம், எனக்கு அதுதான் ஆத்திரம். மெமரியில் ஒரு பிட் (0 அல்லது 1) தானாகப் புரண்டால் கண்டுபிடித்துத் திருத்தும் ஈசிசி மெமரி எப்போதோ வந்துவிட்டது, சர்வர்களில் அது சாதாரணம், வீட்டுக் கணினியில் பெரும்பாலும் கிடையாது. உரிம ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள், 'உள்ளது உள்ளபடி' தருகிறோம், நஷ்டத்துக்குப் பொறுப்பில்லை என்று இருக்கும். அந்த வரியை வைத்துக்கொண்டு விற்க முடிகிற வரை சோதனைக்கு யார் கூடுதலாகச் செலவழிப்பார்கள்?