மறுமொழி: 'பிளைண்ட்' என்பதற்குத் தமிழ்ச் சொல்: 'அடைச்சாச்சு' என்றால் எதை அடைத்தார்கள்?

அன்புள்ள சொல்லாக்கக் குழுவினருக்கு, வணக்கம்.

> எஃப்.பி.எஸ்.ஓ.வை 'மிதவை ஆக்கக் கலம்' என்று வைத்துக்கொள்ளலாம். அதன் குழாய்களில் போடும் 'பிளைண்ட்' என்பதைக் 'குருட்டுத் தகடு' என்று எழுதிவிடலாமே.

முதல் பாதிக்கு முழுச் சம்மதம். கடலடி எண்ணெயைப் பெற்று, வாயுவையும் நீரையும் பிரித்து, தன் வயிற்றிலேயே சேர்த்து வைத்து, வந்து நிற்கும் டாங்கருக்கு இறக்கிவிடுகிற கலம் அது. 1977இல் ஸ்பெயின் கடலில் இறங்கிய முதல் கலத்துக்கும், 2024 சனவரியில் காக்கிநாடாவுக்கு அப்பால் எண்ணெய் எடுக்கத் தொடங்கிய கலத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தும். அதை முடித்துவிடலாம்.

இரண்டாம் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. 'பிளைண்ட்' என்பது குழாயில் எதுவும் கடக்காமல் அடைக்கப் போடும் ஓட்டையில்லாத இரும்புத் தகடு. பல வருடம் பைப் ஃபிட்டராகக் கடலில் இருந்தவன் நான். இப்போது ஏற்காடு அடிவாரத்தில் ஒரு கொட்டகையில் பையன்களுக்குக் குழாய் வேலை சொல்லித் தருகிறேன். போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன்.

பயிற்சிக் குழாய் ஒன்றைக் காட்டி, "லைனை அடைப்பா" என்றேன். மேச்சேரிப் பையன் வால்வு சக்கரத்தை இறுகத் திருகிவிட்டு, "அடைச்சாச்சுங்கண்ணா" என்றான். அதையே தாரமங்கலத்துப் பையனிடம் சொன்னேன். அவன் போல்ட்டுகளைத் தளர்த்தி, இரண்டு ஃபிளாஞ்சுக்கும் (குழாய்களை இணைக்கும் விளிம்பு வளையங்கள்) நடுவே தகட்டைச் செருகி, கசியாமலிருக்க இரு பக்கமும் கேஸ்கட் வைத்து, எதிரெதிர் போல்ட்டாக மாற்றி மாற்றி முறுக்கினான். முடித்துவிட்டு அவனும் "அடைச்சாச்சுங்கண்ணா" என்றான்.

இருவரும் சரியான தமிழ்தான் பேசினார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லை நம்பி மூன்றாவது ஆள் அந்தக் குழாயைக் கழற்றப் போனால் என்ன ஆகும்? வால்வு 'பாஸ்' ஆகும். அதாவது, உள்ளே வால்வு வந்து அமரும் இருக்கை தேய்ந்திருந்தால் சக்கரம் இறுகியிருந்தும் சொட்டும். தண்ணீர் லைன் என்றால் சட்டை நனையும், அவ்வளவுதான். கண்டன்சேட் (வாயுவோடு வரும், எளிதில் தீப்பற்றும் எண்ணெய்) லைன் என்றால் உயிர் போகும்.

2015 பிப்ரவரி 11. பிரேசிலின் எஸ்பிரிட்டோ சாந்தோ கரைக்கு அப்பால் சிடாடே டி சாவோ மாத்தேயஸ் என்ற மிதவைக் கலம். அதன் அடியில் இருந்த பம்ப் அறையில் ஒரு குழாயில் செருகியிருந்த தகடு, அங்கே வரக்கூடிய அழுத்தத்துக்கு ஏற்றதல்ல. பம்ப் ஓடியபோது அந்த இணைப்பில் கண்டன்சேட் கசிந்தது. வாயு அளவி எச்சரித்த பிறகும் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். வெடித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். மிதவைக் கலத்தில் மேலே ஆலை, கீழே எண்ணெய்த் தொட்டி, ஒரு பக்கம் ஆட்கள் தூங்கும் அறை, எல்லாம் ஒரே உடம்பு. ஓடிப்போய் நிற்க வேறு இடம் கிடையாது.

பைப்பர் ஆல்ஃபா மிதவை அல்ல, வட கடலில் கால் ஊன்றி நின்ற மேடை. அங்கேயும் கதை ஒரு தகட்டில்தான் தொடங்கியது. 1988 ஜூலை 6 அன்று பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றிவிட்டு, அந்த முனையைத் தகடு வைத்து மூடியிருந்தார்கள். அது இறுக்கமாக இல்லை. இருந்த இடமோ பம்ப்புக்கு மேலே, பார்வைக்கு எட்டாத இடம். இரவு ஷிப்ட்டுக்கு அது தெரியவில்லை, பம்ப்பை ஓட்டினார்கள். 167 பேர் இறந்தார்கள்.

இப்போது 'குருட்டுத் தகடு'. தமிழில் 'குருட்டு' எங்கெல்லாம் வருகிறது? குருட்டு நம்பிக்கை, குருட்டு அதிர்ஷ்டம், குருட்டாம்போக்கு. எல்லாமே பார்க்காமல் செய்வது. பார்த்து, தொட்டு, எண் சரிபார்த்துப் போட வேண்டிய பொருளுக்கு அந்த அடைமொழி வேண்டாம். மனிதரைப் புண்படுத்தும் சொல் என்று எழுத்திலிருந்து நாம் விலக்கிவரும் ஒன்றை இரும்பின் மேல் எழுதி வைப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. சேலம் பிளம்பர்கள் குழாய் முனையை அடைப்பதை 'டம்மி போடுறது' என்பார்கள். வீட்டுக் குழாய்க்குச் சரி. கடலில் அந்தச் சொல், பொருளையே ஒப்புக்கு வைத்ததாக ஆக்கிவிடும்.

நம் குழுவில் தஞ்சாவூர் ஐயா இதற்குச் சொன்ன 'மடைத்தகடு' அழகான சொல். ஆனால் மடை என்றதும் நமக்கு 'மடை திறந்த வெள்ளம்' அல்லவா முதலில் வருகிறது? எங்கள் தாத்தா மண் வெட்டிப் போட்டு மடையை அடைப்பார். விடிவதற்குள் ஓரத்தில் ஊறிவிடும். வயலுக்கு அதனால் கேடில்லை. இங்கே ஊறவே கூடாது. அப்புறம் இன்னொன்று: கம்ப்ரசர் இரைச்சலில், வாக்கிடாக்கியில், மடை, அடை, இடை மூன்றும் ஒன்றுபோலவே கேட்கும்.

என் முன்மொழிவு: இரண்டு ஃபிளாஞ்சுக்கு நடுவே போடுவது 'செருகுதகடு'. குழாயின் கடைசியில் போடுவது 'முனைமூடி'. 'செருகுதகடு' வினைத்தொகை என்பதால் செருகிய தகடு, செருகும் தகடு இரண்டுக்கும் ஒரே சொல் நிற்கும். தகடு எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று சொல்லும் 'ரேட்டிங்' என்பதற்கு 'தாங்கழுத்தம்'. தகட்டின் வாலில் அளவும் கிளாஸும் (தாங்கழுத்த வகை எண்) பொறித்திருக்கும். செருகுதகடு என்று எழுதும் இடமெல்லாம் அந்த எண்ணும் கூடவே வர வேண்டும். எண் இல்லாத தகடு வெறும் இரும்புதான்.

எட்டு என்ற எண்ணின் வடிவில், ஒரு பக்கம் வளையமும் ஒரு பக்கம் முழுத் தட்டுமாக இருப்பதை 'இருகண் தகடு' எனலாம். அதில் ஒரு கண் குழாய்க்குள் இருக்கும், மறு கண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே திறந்த கண் தெரிந்தால் லைன் அடைபட்டிருக்கிறது. மூடிய கண் தெரிந்தால் லைன் திறந்திருக்கிறது. புதுப் பையன்கள் எல்லாரும் முதல் நாள் தலைகீழாகத்தான் சொல்கிறார்கள். ஆகவே சொல்லகராதியில் விளக்கம் எழுதும்போது 'வெளியே தெரியும் கண்' என்று தெளிவாக எழுத வேண்டும்.

செயலுக்கு இரண்டு சொல்: வால்வைத் திருகுவது 'திருகடைப்பு', தகடு போடுவது 'செருகடைப்பு'. இந்த இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் 'அடைச்சாச்சு' என்பதன் குழப்பம் தீரும்.

அன்புடன்,
அடிவாரத்திலிருந்து

———

ஐயா, வணக்கம். ஓமலூரில் தமிழாசிரியையாக இருக்கிறேன். செருகுதகடு, முனைமூடி, இருகண் தகடு மூன்றும் நன்று. ஆனால் இரைச்சலில் மடையும் அடையும் குழம்பும் என்று எழுதிய நீங்களே திருகடைப்பு, செருகடைப்பு என்று வைத்திருக்கிறீர்களே? முதல் எழுத்துக் காதில் விழாவிட்டால் இரண்டும் ஒன்றுதான். என் மகனும் அந்த வேலைக்குத்தான் போகிறான், அதனால் கேட்கிறேன்.

———

அம்மா, நீங்கள் சொல்வது சரி. உங்கள் மடல் வந்த மாலையே இரண்டு பையன்களைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தி, கிரைண்டரை ஓடவிட்டு இரண்டு சொல்லையும் கத்திப் பார்த்தேன். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் விட்டுவிடுகிறேன். 'வால்வு அடைப்பு', 'தகட்டு அடைப்பு' என்று கத்தியபோது ஒருமுறைகூடப் பிழையில்லை. வால்வு என்பது இங்கே எல்லாரும் அறிந்த சொல்தான், அப்படியே இருக்கட்டும். அடுத்த வாரத்திலிருந்து பயிற்சி அனுமதிச் சீட்டில் 'அடைப்பு' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு இந்த இரண்டையும் தனித்தனிக் கட்டமாகப் போடுகிறேன்.